விழத் தெரிந்த உடல்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் சாலை ஆழியாறு அணையைத் தொட்ட பிறகுதான் மலையேறத் தொடங்குகிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் அதற்கு மேலேதான். 1964-ல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பலவற்றை இயக்குநர் ஸ்ரீதர் இந்த அணைக்கட்டுப் பகுதியில் எடுத்தார். ஆனால் அந்தப் படத்தில் தமிழர்கள் அறுபது ஆண்டுகளாக மறக்காமல் வைத்திருக்கும் காட்சி அணைக்கரையில் நடக்கவில்லை. ஓர் அறைக்குள், இரண்டே பேருக்கு இடையில் நடக்கிறது. சினிமா எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா, பணம் போட வேண்டிய அப்பா விசுவநாதனுக்கு ஒரு பேய்க்கதை சொல்கிறான். மகன் நாகேஷ், அப்பா டி.எஸ். பாலையா.

கதவு கிறீச்சிடும் ஓசையும் காலடி ஓசையும் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. அவர் குனிகிறார், வளைகிறார், ஒல்லியான உடம்பைக் கேள்விக்குறிபோல் மடக்கி அப்பாவை நெருங்குகிறார். பயம் முழுவதும் பாலையாவின் கண்களிலும் ஒடுங்கும் தோள்களிலும் ஏறுகிறது. ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு இந்தக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். வசனம் போய்விடும், ஓசைகள் போய்விடும். சிரிப்பு மட்டும் போகாது. ஒரு நகைச்சுவைக் காட்சி உடம்பில் நிற்கிறதா, நாக்கில் நிற்கிறதா என்று கண்டறிய இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியாது.

நாகேஷ் தாராபுரத்தில் பிறந்தவர். சென்னையில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சிறு வேடம் போட்டார். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்த வேடத்தைப் பாராட்டியது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. வயிற்றுவலிக்குப் பெரிய வசனம் தேவையில்லை. துடிக்கத் தெரிந்தால் போதும். அந்தத் துடிப்பு எந்த மரபைச் சேர்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. நாகேஷ் யாரைப் பார்த்துக் கற்றார் என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம் இல்லை. அவர் செய்தது எந்த வகையான வேலை என்பதைப் புரிந்துகொள்ள, பேசாத படங்களின் காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்தையும் கொங்கு நாட்டிலிருந்தே தொடங்கலாம்.

தென்னிந்தியாவில் சினிமா ஊர் ஊராகப் போனதில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் மாதம் 25 ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1905-ல் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்த டு பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் குன்றித் தொழிலை விட நினைத்தபோது, 2,000 ரூபாய்க்கு மேல் திரட்டிக் கொடுத்துப் படக்கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் போட்டுப் படம் காட்டியபடி தமிழ்நாட்டைத் தாண்டி வடக்கே பெஷாவர்வரைக்கும், கடல் தாண்டி ரங்கூன்வரைக்கும் போனார். 1914-ல் கோயம்புத்தூரில் அவர் கட்டிய வெரைட்டி ஹால், தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. அந்தச் சாலை இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான். திரையரங்கு பின்னாளில் ‘டிலைட்’ என்று பெயர் மாறியது. இந்த வரலாற்றை மீட்டுத் தந்தவர்களில் முதன்மையானவர் சு. தியடோர் பாஸ்கரன். அவரும் தாராபுரத்தில் பிறந்தவர் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

கூடாரக் கொட்டகையில் படம் பார்ப்பது அமைதியான அனுபவமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. படக்கருவி ஒன்றுதான். ஒரு சுருள் முடிந்ததும் நிறுத்தி அடுத்ததை மாட்ட வேண்டும். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, ஆங்கில எழுத்து அட்டைகளுக்குத் தமிழில் விளக்கம் சொல்வார். வாத்தியக்காரர்கள் தங்களுக்குத் தோன்றியதை வாசிப்பார்கள். படிக்கத் தெரியாத பெருங்கூட்டம் தரையில் உட்கார்ந்திருக்கும். விளக்கக்காரர் எவ்வளவு சொன்னாலும் ஒரு மனிதன் கூரையிலிருந்து கால் தவறுவதற்கு விளக்கம் தேவைப்படாது. அதனால்தான் எடி போலோ இந்த மண்ணில் அவ்வளவு பெரிய நட்சத்திரமானார். சர்க்கஸில் வளர்ந்து அமெரிக்கத் தொடர்படங்களில் குதித்தும் தாவியும் சண்டையிட்டும் பேர் வாங்கியவர் அவர். சார்லி சாப்ளினையும் ஹரால்ட் லாயிடையும் தமிழ்க் கூட்டம் இதே கொட்டகைகளில்தான் சந்தித்தது.

1927-ல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்திய சினிமாட்டோகிராஃப் குழுவுக்குச் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைவர். குழு நாடெங்கும் சென்று சாட்சியங்களைத் திரட்டியது. திரையரங்குகளில் ஓடியவற்றில் மிகப் பெரும்பகுதி மேலைநாட்டுப் படங்கள் என்று 1928-ல் வெளிவந்த அறிக்கை காட்டியது. அவற்றுள் மிகப் பெரிய வரவேற்பைப் பெற்றது டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’. அதுவும் தாண்டிக் குதிக்கும் படம். அந்த நாளில் படித்த பெரியவர்கள் பலர் இந்த ரசனையைக் கொஞ்சம் தாழ்வாகத்தான் பார்த்தார்கள். பாமரர்கள் அடிதடியைத்தான் விரும்புகிறார்கள் என்றார்கள். அந்தப் பாமரர்கள் தேர்ந்தெடுத்துக் கைதட்டிய கலைஞர்களில் சிலர்தாம் அந்த நூற்றாண்டின் மிக நுட்பமான கலைஞர்கள் என்று இன்று உலகமே ஒப்புக்கொள்கிறது.

பஸ்டர் கீட்டனை எடுத்துக்கொள்வோம். 1895-ல் அமெரிக்காவின் கான்சாஸில் பிறந்தவர். பெற்றோர் மேடைக் கலைஞர்கள். ‘மூன்று கீட்டன்கள்’ என்ற அவர்களது நிகழ்ச்சியில் குழந்தை பஸ்டரை அப்பா தூக்கி எறிவார். திரைச்சீலை மேலும், சில நேரம் வாத்தியக் குழுவின் பள்ளத்துக்குள்ளும். எறிவதற்கு வசதியாகக் குழந்தையின் சட்டை முதுகில் ஒரு கைப்பிடி தைத்திருந்தார்கள். கேட்கவே கொடுமையாக இருக்கிறது; அக்காலத்துக் குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்தாரும் அவர்களை விடாமல் துரத்தினார்கள். அந்த மேடையில்தான் கீட்டன் இரண்டு பாடங்களைக் கற்றார். ஒன்று, அடிபடாமல் விழுவது. மற்றொன்று, விழுந்த பிறகு தான் சிரித்தால் கூட்டம் சிரிக்காது என்பது. அவருடைய புகழ்பெற்ற சலனமில்லாத முகம் அங்கே பிறந்தது.

1928-ல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் புயல் ஊரையே பிய்த்துப் போடுகிறது. ஒரு மாடி வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, தலை கிறுகிறுத்து நிற்கிறார் கீட்டன். கேமரா தூரத்தில் இருக்கிறது. வீடு முழுதாகத் தெரிகிறது, மனிதனும் முழுதாகத் தெரிகிறான். வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த ஜன்னல் சட்டம் சரியாக அவரைச் சுற்றி இறங்குகிறது. புழுதி. சுவர் தரையில் கிடக்க, நடுவில் அவர் நின்றபடியே இருக்கிறார். என்ன நடந்தது என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஓடுகிறார்.

அந்தச் சுவர் இரண்டு டன் எடை கொண்டது என்பார்கள். உடம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் ஓரிரு அங்குல இடைவெளிதான் இருந்தது. கால் வைக்க வேண்டிய இடத்தைத் தரையில் அடையாளம் செய்திருந்தார்கள். படப்பிடிப்புக் குழுவில் சிலர் பார்க்கத் துணியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதில் என்னை ஈர்ப்பது துணிச்சலைவிட அதற்குப் பின்னால் இருக்கும் வளர்ச்சி. 1919-ல் ‘பேக் ஸ்டேஜ்’ என்ற குறும்படத்தில் ஒரு மேடைத் தட்டி இப்படி விழுந்தது. 1920-ல் ‘ஒன் வீக்’ படத்தில், தப்புத் தப்பாகக் கட்டிய வீட்டின் சுவர் விழுந்தது. 1928-ல் வீட்டின் முழு முன்சுவர். ஒரு ராகத்தை ஆண்டுக்கணக்கில் பாடிப் பாடி விரிக்கும் வித்வானைப்போல், ஒரே விழுதலை ஒன்பது ஆண்டுகள் கையில் வைத்து வளர்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மௌனப் பட நகைச்சுவையின் உயிர் எடையில் இருக்கிறது. சுவருக்கு எடை உண்டு, மனிதனுக்கு எடை உண்டு, இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வெட்டில்லாமல் தெரிகின்றன. சாகசம் வேறு, சிரிப்பு வேறு என்று அங்கே பிரித்துக் காட்டவே முடியாது. சுவர் விழுவதைத் தனியாகவும் அவர் முகத்தைத் தனியாகவும் எடுத்து ஒட்டியிருந்தால் அது வெறும் செய்தியாகியிருக்கும். நம் கண்ணே சாட்சியாக இருக்கும்போதுதான் வயிற்றில் ஒரு பிடிப்பு வருகிறது. அது தளர்ந்து விடுபடும்போது சிரிப்பு வருகிறது.

‘சேஃப்டி லாஸ்ட்’ (1923) படத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் ஹரால்ட் லாயிட் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். உண்மையான கட்டடங்களின் மொட்டைமாடிகளில் செயற்கைச் சுவர் எழுப்பி, பின்னால் லாஸ் ஏஞ்சலீஸ் தெரு தெரியும்படி கேமராவைக் கோணம் பார்த்து வைத்தார்கள். கீழே, கேமராவுக்குத் தெரியாமல், மெத்தை போட்ட மேடை இருந்தது. தொலைவுக் காட்சிகளில் சுவரேறுபவரான பில் ஸ்ட்ரோதர் ஏறினார். இதையெல்லாம் கேட்டதும் சிலர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொட்டைமாடியின் ஓரத்தில் சிறிய மேடையொன்றின் மேல் தொங்குவதும் தொங்குவதுதான். அதுவும், 1919-ல் விளம்பரப் புகைப்படம் எடுக்கும்போது கையில் வெடித்த குண்டால் வலக்கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இழந்த மனிதர், உறையால் அதை மறைத்துக்கொண்டு தொங்கினார். விரல்கள் குறைந்த அந்தக் கை சட்டத்தைப் பற்றும் விதத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இரண்டு மடங்கு கனக்கிறது.

எடை சில நேரம் வஞ்சம் தீர்த்துக்கொள்ளும். ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) படத்தில் ஓடும் ரயிலின் கூரையிலிருந்து நீர்த்தொட்டிக் குழாயைப் பிடித்து இறங்குகிறார் கீட்டன். கொட்டிய நீரின் வேகம் அவரைத் தண்டவாளத்தில் அடித்தது. தலைவலியோடு படத்தை முடித்தார். பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே பார்த்த மருத்துவர்தான் கழுத்தெலும்பு ஒருகாலத்தில் முறிந்து கூடியிருப்பதைச் சொன்னார். அந்த ஷாட் இன்றும் படத்தில் இருக்கிறது. அதே படத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் தூக்கி எறியப்படும் இடத்தில், சக நடிகருக்காக அந்த உடையைப் போட்டுக்கொண்டு விழுந்தவரும் கீட்டன்தான். கதாநாயகனே துணை நடிகருக்கு டூப் போட்ட கதை சினிமாவில் அபூர்வம்.

இந்தப் படங்களை இன்று கைபேசியில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய கேமராவைக் கையால் சுழற்றினார்கள். விநாடிக்கு 16 முதல் 20 சட்டகங்கள் என்ற அளவில் பதிவாகும். துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றி வேகம் கூட்டுவார்கள். பேசும் படத்துக்கான 24 சட்டக வேகத்தில் அவற்றை ஓட்டினால் எல்லோரும் பொம்மைகள்போல் தத்தித் தத்தி ஓடுவார்கள். பழைய படம் என்றாலே இப்படித்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இந்தப் பிழையால். வேகம் கூடினால் எடை குறைந்துவிடும். எடை குறைந்தால் விழுவதில் பொருள் இல்லை. சரியான வேகத்தில் சீரமைத்த பிரதியைத் தேடிப் பார்த்தால், சாப்ளினின் நடையில் நடனம் தெரியும், கீட்டனின் ஓட்டத்தில் மூச்சு தெரியும்.

தமிழ் மௌனப் படங்களில் இந்த உடல்மொழி எப்படி இருந்தது? ராஜா சாண்டோவைப் பற்றிச் சொல்லாமல் பதில் இல்லை. புதுக்கோட்டைக்காரரான பி.கே. நாகலிங்கம், உடற்பயிற்சியால் கட்டிய உடம்போடு பம்பாய்க்குப் போய் மௌனப் படங்களின் நாயகனானார். ஐரோப்பிய பலசாலி யூஜின் சாண்டோவின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு சென்னைக்கு வந்து ‘பேயும் பெண்ணும்’ (1930), ‘அநாதைப் பெண்’ (1931) போன்ற மௌனப் படங்களை இயக்கினார். இவை எதுவும் இன்று நம்மிடம் இல்லை. நைட்ரேட் சுருள்கள் எரிந்தன, மட்கின, வெள்ளிக்காக உருக்கப்பட்டன. தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் ஏறக்குறைய முழுமையாகக் கிடைப்பது, நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) ஒன்றுதான். அது புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெருந்திறமைசாலி ஒருவரின் உடல் திரையில் எப்படி அசைந்தது என்று அவருடைய மக்களாலேயே பார்க்க முடியாமல் போனது எனக்கு ஆற்றாமை தரும் செய்தி. தமிழக அரசு அவர் பெயரில் விருது தருகிறது. விருது பெறுபவர்களும் அவருடைய மௌனத் தமிழ்ப் படம் ஒன்றைப் பார்த்திருக்க முடியாது.

1931-ல் ‘காளிதாஸ்’ வந்தது. தமிழ் சினிமா பேசவும் பாடவும் தொடங்கியது. ஒலிவாங்கி கேமராவைக் கட்டிப்போட்டது. பாட்டை நேரிலேயே பாடியபடி நிற்க வேண்டியிருந்ததால் உடம்பும் கட்டுப்பட்டது. சிரிப்பு நாக்குக்குப் போனது. என்.எஸ். கிருஷ்ணன் அதைச் சிந்தனையின் உயரத்துக்குக் கொண்டுபோனார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; ஆனால் அவருடைய பேராற்றல் பேச்சிலும் பாட்டிலும்தான். சாகசம் தனியாகப் பிரிந்து வீர நாயகர்களிடம் போய்ச் சேர்ந்தது. கீட்டனிடம் ஒரே உடம்பாக இருந்தது தமிழில் இரண்டு உடம்பானது.

அந்தப் பிரிவினையின் ஒரு பாதி வளர்ந்த இடமும் கோயம்புத்தூர்தான். 1930-களின் நடுவில் திருச்சி சாலையில் எழுந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில் ராஜா சாண்டோ தன் கடைசிக் காலத்தில் பணியாற்றினார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘சிவகவி’யைத் தொடங்கியவர் அவர், முடித்தவர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. அதே ஸ்டூடியோவில் 1947-ல் ஜூபிடர் நிறுவனம் எடுத்த ‘ராஜகுமாரி’யில் எம்.ஜி.ஆர். முதன்முறையாகக் கதாநாயகன். அவரோடு மோதும் பலசாலி வேடத்துக்கு எம்.ஜி.ஆர். வலியுறுத்திச் சேர்த்தவர் கோவை ராமநாதபுரத்துச் சின்னப்பா தேவர். பஞ்சாலையில் வேலை பார்த்து, உடற்பயிற்சிக் கூடத்தில் உடம்பை வளர்த்தவர். அவர் பெயருக்கு முன்னாலும் சாண்டோ. 1956-ல் அவர் தொடங்கிய தேவர் பிலிம்ஸ், மனிதனையும் மாட்டையும் யானையையும் ஒரே சட்டகத்தில் நிறுத்திப் படமெடுத்து வென்றது. எடைமீது தேவருக்கு நம்பிக்கை இருந்தது.

பிறகு வந்த தமிழ்ச் சண்டைக் காட்சிகளில் அந்த நம்பிக்கை மெல்லக் கரைந்தது என்றே நினைக்கிறேன். ரோப் கட்டி ஆளைத் தூக்கினார்கள். கயிற்றைக் கணினி அழித்தது. நாயகன் அடித்தால் பத்துப் பேர் பறப்பார்கள், நாயகன் மட்டும் விழமாட்டான். விழாத உடம்புக்கு எடை ஏது? உண்மையில் விழுகிறவர்கள் ஃபைட்டர்களும் டூப்களும். அவர்கள் முகத்தைக் கேமரா தவிர்க்கும். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சியில் ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். இந்தத் தொழிலில் ஆபத்து குறையவில்லை. அதைத் தாங்குகிறவரின் முகம் மட்டும் நமக்குத் தெரிவதில்லை. கீட்டன் காலத்துப் படங்களில் விழுகிறவனே நாயகன், அவன் முகமே சுவரொட்டியில் இருந்தது.

எடை தமிழில் நகைச்சுவை நடிகர்களிடம்தான் தங்கியது. ஜே.பி. சந்திரபாபு விழுவதை நடனமாக்கினார். நாகேஷ் நடப்பதையே விழுவதற்கு முந்தைய கணமாக்கினார். ‘திருவிளையாடல்’ (1965) தருமியின் முதுகை நினைத்துப் பாருங்கள். பசியும் ஆசையும் பயமும் அந்த வளைவில் மாறி மாறி ஏறுகின்றன.

மௌனப் படத்தின் நேரடிச் சந்ததி என்று சொல்லத்தக்க தமிழ்ப் படங்கள் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் சம்பந்தப்பட்டவை. ‘பேசும் படம்’ (1987) வசனமே இல்லாதது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) உச்சக்காட்சியில் மலை விளிம்பில் ஒரு வீடு ஆடுகிறது. ஒரு பக்கம் ஆள் நகர்ந்தால் மறுபக்கம் எழும்புகிறது. சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ (1925) படத்தில் பனிமலை விளிம்பில் ஆடும் மரக்குடிலின் வம்சம் அது. எடை எங்கே போகிறதோ அங்கே சிரிப்பும் போகிறது.

ஆனால் இந்த மரபின் உச்சியாக நான் நினைப்பது 1994-ல் இதே இயக்குநர் எடுத்த ‘மகளிர் மட்டும்’. அதில் நாகேஷுக்குப் பிணம் வேடம். ரேவதியும் ஊர்வசியும் ரோகிணியும் ஆஸ்பத்திரியிலிருந்து தவறான பிணத்தை வெளியே கொண்டுவந்துவிட்டு அதை எங்கே வைப்பது என்று தவிக்கிறார்கள். நாகேஷுக்கு ஒரு சொல் கிடையாது, ஒரு பார்வை கிடையாது, தானாக ஓர் அசைவும் கிடையாது. பிறர் தள்ளினால் சாய வேண்டும், விட்டால் சரிய வேண்டும். தசைகள் தளர்ந்திருக்க வேண்டும், அதே நேரத்தில் எந்தத் திசையில் சரிவது என்பது அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான நடிகர்கள் பிணமாகக் கிடக்கும்போது கொஞ்சமாவது தங்களைத் தாங்கிக்கொள்வார்கள். கழுத்தில் அது தெரிந்துவிடும். நாகேஷின் கழுத்தில் அது தெரிவதில்லை. முழு எடையையும் பிறர் கைகளில் விட்டுவிடுகிறார். சட்டை முதுகில் கைப்பிடி தைத்து எறியப்பட்ட கான்சாஸ் குழந்தையும், முகத்தில் சலனமே இல்லாமல் கைக்குக் கை மாறும் தாராபுரத்துக்காரரும் செய்தது ஒரே வேலை. உடம்பைப் பொருளாக்கி, அந்தப் பொருளைக்கொண்டு கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் வேலை.

இதைச் சரிபார்க்க ஒரு மாலை நேரம் போதும். ‘ஷெர்லாக் ஜூனியர்’ 45 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் எளிதாகக் கிடைக்கிறது. ஓடும் ரயில் கூரைக் காட்சியையும், ஓட்டுபவர் இல்லாத மோட்டார் சைக்கிளின் கைப்பிடிக் கம்பிமேல் கீட்டன் உட்கார்ந்து போகும் காட்சியையும் நிறுத்தாமல் பாருங்கள். அது முடிந்த கையோடு ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணம் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும் இடத்திலிருந்து, ஒலியை நிறுத்திவிட்டுத் தொடருங்கள். வீட்டில் பேச்சுப் புரியாத வயதுக் குழந்தை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அது முதலில் சிரிக்கிறது என்று கவனியுங்கள்.